தலையில் அடிபட்டு ஐந்து வாரங்கள்: ஸ்கேனில் ஒன்றுமில்லை, ஆனால் மகனுக்குப் படிப்பு ஏறவில்லை

கேள்வி
பதிவிட்டவர்: கோத்தகிரி விவசாயி

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். என் மகனுக்கு வயது பதினேழு. பிளஸ் டூ படிக்கிறான். பள்ளி அணிக்கும் ஊர் அணிக்கும் அவன்தான் கோல்கீப்பர். நவம்பர் முதல் வாரத்தில், மழை விட்ட மறுநாள் நடந்த ஓர் ஆட்டத்தில், எதிரணிப் பையனின் காலடியில் பாய்ந்து பந்தைப் பிடித்தபோது, அந்தப் பையனின் முழங்கால் இவனுடைய இடது நெற்றிப்பொட்டில் பலமாக மோதிவிட்டது. மயங்கி விழவில்லை. சில நொடிகள் மண்டியிட்டபடியே இருந்தான். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். எழுந்து, மீதியிருந்த இருபது நிமிடங்களையும் ஆடி முடித்தான். அன்றிரவு இரண்டு முறை வாந்தி எடுத்ததால் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ரத்தக் கசிவும் இல்லை, எலும்பு முறிவும் இல்லை, பயப்பட வேண்டியதில்லை என்று சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

தலைவலி பத்து நாட்களில் பெரும்பாலும் விட்டுவிட்டது. ஆனால் பையன் பழைய பையனாக இல்லை. இதை எப்படி எடுத்துச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை, ஆகையால் ஓர் உதாரணம் சொல்கிறேன். பச்சைத் தேயிலைக்குத் தொழிற்சாலையில் கொடுக்கும் சீட்டுகளை மாதக் கடைசியில் அவன்தான் சரிபார்ப்பான். எடையையும் விலையையும் மனத்துக்குள்ளேயே பெருக்கி, சீட்டின் பின்புறம் பென்சிலால் விடையை மட்டும் எழுதுவான். எட்டாம் வகுப்பிலிருந்து இதுதான் வழக்கம். சென்ற மாதச் சீட்டுகளுக்கு வரிவரியாகப் போட்டுப் பார்த்தும் மூன்று இடங்களில் தவறு செய்திருக்கிறான். நடுவில் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டான். இயற்பியலில் ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு, படித்தது நினைவில்லை என்று மறுபடியும் தொடங்குகிறான். கரும்பலகையைப் பார்த்து எழுதினால் கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்கிறான். பேருந்து இரைச்சலில் எரிந்து விழுகிறான். அரையாண்டுத் தேர்வுக் கணக்குத் தாளில் நேரம் போதாமல் பாதியை விட்டுவிட்டு வந்திருக்கிறான். அவன் தொண்ணூறுக்குக் கீழே வாங்கியதே கிடையாது.

ஆசிரியர் ஒருவர் செல்போன்தான் காரணம் என்கிறார். என் தாயார் கண்பட்டுவிட்டது என்று மந்திரித்துக் கயிறு கட்டினார். பயிற்சியாளரோ ஜனவரித் தொடருக்கு அவன் வந்தே ஆக வேண்டும் என்கிறார். மகனைக் கேட்டால், "நான் நன்றாகத்தான் இருக்கிறேன், ஆடலாம்" என்று ஒரே பதில். ஸ்கேனில் ஒன்றும் இல்லாதபோது அறிவு மட்டும் மந்தமாவது உண்டா? அவனை விளையாட அனுப்பலாமா? யாரிடம் காட்டுவது? விவரம் அறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.


பதில் 1
பதிவிட்டவர்: ஓய்வுபெற்ற பி.டி. ஆசிரியர், குன்னூர்

நண்பருக்கு வணக்கம். இருபத்தாறு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக மைதானத்தில் நின்றவன் என்பதால் எழுதுகிறேன். மருத்துவம் அறிந்தவர்கள் என்னைத் திருத்தலாம்.

உங்கள் மகனுக்கு ஏற்பட்டது கன்கஷன் எனப்படும் மூளை அதிர்வாகவே எனக்குத் தோன்றுகிறது. மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்வு என்று என் பணிக்காலத்தில் பாதிக்கு மேல் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் விளையாட்டில் ஏற்படும் மூளை அதிர்வுகளில் பத்தில் ஒன்றுக்கும் குறைவானவற்றில்தான் நினைவு தப்புகிறது. 2014 உலகக் கோப்பை இறுதியாட்டத்தை நம்மில் பலர் விடிய விடிய விழித்திருந்து பார்த்தோம். அதில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் 17ஆம் நிமிடத்தில் எதிரணி வீரரின் தோளில் முகம் மோதி விழுந்தார். எழுந்தார், ஓடினார், பந்தை உதைத்தார். பார்த்த எவருக்கும் ஐயம் எழவில்லை. சற்று நேரம் கழித்து நடுவர் ரிசோலியிடம் போய், இது இறுதியாட்டம்தானா என்று கேட்டிருக்கிறார். 31ஆம் நிமிடத்தில்தான் அவரை வெளியே அழைத்தார்கள். ஏறத்தாழ கால் மணி நேரம், தான் எங்கே இருக்கிறோம் என்பதே சரியாகத் தெரியாமல் ஒருவர் உலகக் கோப்பை இறுதியாட்டம் ஆடியிருக்கிறார். காலுக்குப் பழகிய வேலையைக் கால் செய்துகொண்டேதான் இருக்கும்.

இதனால்தான் அடிபட்டவனிடம் "பெயர் என்ன, ஊர் என்ன" என்று கேட்பதில் பயனில்லை; அவை கலங்குவதில்லை. இது எந்த மைதானம், இப்போது முதல் பாதியா இரண்டாம் பாதியா, கடைசியாக கோல் போட்டது யார், சென்ற ஆட்டம் யாரோடு, அதில் யார் வென்றது என்று கேட்க வேண்டும். மேடாக்ஸ் என்ற ஆஸ்திரேலியரின் பெயரால் வழங்கும் கேள்விகள் இவை. அதோடு மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்வார்கள். நம் பிள்ளைகளிடம் பங்குனி, மாசி, தை என்று கேட்டால் நன்றாக இருக்கும் என்று ஒருமுறை முயன்றேன். முன்னோக்கிச் சொல்லவே பாதிப் பேருக்குத் தெரியவில்லை என்பதால் டிசம்பர், நவம்பர் என்றே கேட்கத் தொடங்கினேன்.

நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை என் அணியில் இடது ஓரத்தில் ஆடிய மாணவன் தலையில் மோதிய பிறகு என்னிடம் மூன்று முறை ஆட்ட நிலவரம் கேட்டான். கவலையில் கேட்கிறான் என்று எண்ணி மூன்று முறையும் பதில் சொல்லி உள்ளே அனுப்பினேன். அவன் அந்தப் பருவம் முழுவதும் படிப்பில் தடுமாறினான். காரணத்தை நான் சொல்லியிருக்க வேண்டிய இடத்தில், சோம்பேறி என்ற பெயரை அவன் வாங்கிக்கொண்டான்.

என் அறிவுரை இதுதான்: ஜனவரித் தொடரை மறந்துவிடுங்கள். ஒரு மாதம் இருட்டறையில், புத்தகம், செல்போன், விளையாட்டு எதுவும் இல்லாமல் முழு ஓய்வு கொடுங்கள்.


பதில் 2
பதிவிட்டவர்: ஊர் அணிப் பழைய ஆட்டக்காரன்

ஆசிரியர் மீது மரியாதை உண்டு. ஆனாலும் மாற்றுக் கருத்தையும் யாராவது சொல்ல வேண்டும். ஊருக்கு ஊர் நடக்கும் தொடர்களில் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு ஆடியவர்கள் நாங்கள். எங்களில் அரசு வேலையில் இருப்பவர்களும் உண்டு, வியாபாரத்தில் நன்றாக வந்தவர்களும் உண்டு. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றால் எதைத்தான் காயம் என்பது? பிளஸ் டூ பையனுக்குப் பொதுத் தேர்வு நெருங்கும்போது வரும் பயமும் இப்படித்தான் இருக்கும்: தூக்கம் வராது, படித்தது மறக்கும், எரிச்சல் வரும். ஒரு மாதம் இருட்டறையில் போட்டால் நன்றாக இருப்பவனும் நோயாளியாகிவிடுவான். இது என் தனிப்பட்ட கருத்து.


பதில் 3
பதிவிட்டவர்: நரம்பு உளவியலாளர், கோவை

நான் உதகையில் பிறந்து வளர்ந்தவள். இப்போது கோயம்புத்தூரில், தலைக்காயம் அடைந்தவர்களின் நினைவாற்றலையும் கவனத்தையும் பரிசோதிக்கும் பணியில் இருக்கிறேன். நேரில் பார்க்காமல் நோயை உறுதி செய்ய இயலாது என்பதைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஆனால் ஐயா எழுதியிருக்கும் தேயிலைச் சீட்டுக் கணக்கு, எங்கள் துறையில் பல பக்க அறிக்கைகள் சொல்வதைவிடத் தெளிவாக ஒரு செய்தியைச் சொல்கிறது.

முதலில், "எதைத்தான் காயம் என்பது" என்ற கேள்வி. அது நியாயமான கேள்வி. சி.டி. ஸ்கேன் எடுப்பது ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் கண்டுபிடிப்பதற்காக. அவை இல்லை என்பது மிகுந்த ஆறுதலுக்குரிய செய்தி. அந்த இரவில் ஸ்கேன் எடுத்தது மிகச் சரி. ஆனால் மூளை அதிர்வு என்பது பெரும்பாலும் அமைப்பில் தெரியும் சேதம் அன்று, இயக்கத்தில் ஏற்படும் கோளாறு. தலை திடீரென்று சுழன்று நிற்கும்போது நரம்பு இழைகள் இழுபடுகின்றன. நரம்பு செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியே கசிகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. இந்த நிலையைப் பழையபடி சீராக்க செல்கள் ஓயாமல் உழைக்க வேண்டியிருப்பதால் அவற்றுக்கு எரிபொருள் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அதே நேரத்தில் மூளைக்குச் செல்லும் ரத்த ஓட்டமோ குறைந்துவிடுகிறது. கலிபோர்னியாவில் கீசா, ஹோவ்டா என்ற இரு ஆய்வாளர்கள் 2001இல் இதைத் தொகுத்து எழுதினார்கள். நம் ஊர் வழக்கில் சொன்னால், மின்னழுத்தம் குறைந்த நாளில் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் நின்றுவிடுவதில்லை. ஓடத்தான் செய்கிறது, ஆனால் வந்த இலை தேங்கிவிடுகிறது. நின்றுபோன இயந்திரத்தைத்தான் ஸ்கேன் காட்டும். மெதுவாக ஓடும் இயந்திரத்தைக் காட்டாது.

தேங்குவது எங்கே என்பதுதான் எங்கள் பரிசோதனைகளின் நோக்கம். மூளை அதிர்வுக்குப் பின் பெரும்பாலும் பாதிக்கப்படுபவை எதிர்வினை நேரம், செய்தியை உள்வாங்கிச் செயலாற்றும் வேகம், கவனத்தை நிலைநிறுத்துதல், புதிதாகக் கற்றதைப் பதிய வைத்தல், ஒன்றை மனத்தில் பிடித்துக்கொண்டே இன்னொன்றைச் செய்தல் ஆகியவை. பழைய அறிவு அழிவதில்லை. உங்கள் மகனுக்குப் பெருக்கல் வாய்பாடு மறக்கவில்லை. பாதி விடையை மனத்தில் நிறுத்திக்கொண்டு மறுபாதியைப் பெருக்க வேண்டிய இடத்தில்தான் முதல் பாதி நழுவிவிடுகிறது. கணக்குத் தாளில் அவன் தவறாக எழுதிவிட்டு வந்ததாக நீங்கள் சொல்லவில்லை. நேரம் போதவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வேறுபாடு முக்கியமானது.

கரும்பலகை விஷயத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பலகையைப் பார்த்துவிட்டுக் குறிப்பேட்டைப் பார்ப்பது என்றால் இரு கண்களும் தொலைவிலிருந்து அருகுக்கு ஒவ்வொரு முறையும் ஒருசேரக் குவிய வேண்டும். மூளை அதிர்வு அடைந்த இளைஞர்கள் பலருக்கு இந்தக் குவிதல் தளர்ந்துவிடுகிறது. அது நினைவாற்றல் குறைவு போலத் தோற்றம் காட்டும். சமநிலை உணர்வும் கண்ணசைவும் பாதிக்கப்பட்டிருந்தால் அதற்கென்று இயன்முறைப் பயிற்சிகள் இருக்கின்றன. கழுத்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்; முழங்கால் மோதிய வேகத்தில் கழுத்துத் தசையும் அடிபட்டிருக்கலாம், அதன் தலைவலி நெடுநாள் நீடிக்கும்.

தேர்வு பயமாக இருக்கலாம் என்று நண்பர் சொன்னதை நான் ஒதுக்கிவிட மாட்டேன். தூக்கக் குறைவும் மனச்சோர்வும் மூளை அதிர்வோடு சேர்ந்தே வருவதுண்டு. தனியாக வந்தாலும் இதே போலத் தோன்றும். ஆனால் தேர்வைப் பற்றிய பயம் மாத இறுதித் தேயிலைக் கணக்கைத் தொடாது. மேலும், உழைக்க உழைக்கத் தலைவலி ஏறி, படுத்தால் இறங்குகிறது என்றால், அது பயத்தின் இயல்பு அன்று.

இப்போது ஆசிரியர் ஐயாவிடம் ஒரு திருத்தம் செய்ய அனுமதி கேட்கிறேன். இருட்டறை ஓய்வு என்பது ஒரு காலத்தில் எல்லோரும் சொன்ன அறிவுரைதான். இப்போது அது கைவிடப்பட்டுவிட்டது. 2015இல் அமெரிக்காவில், 11 முதல் 22 வயது வரையிலானவர்களில் ஒரு பிரிவினருக்கு ஐந்து நாள் கண்டிப்பான ஓய்வும் மற்றொரு பிரிவினருக்கு ஓரிரு நாள் ஓய்வும் கொடுத்துப் பார்த்தார்கள். ஐந்து நாள் படுத்தவர்கள்தான் கூடுதலான தொல்லைகளைச் சொன்னார்கள், அவர்களுக்கே மெதுவாகக் குணமானது. 2019இல் வெளியான இன்னோர் ஆய்வில், தொல்லை தலைகாட்டாத அளவில் நாள்தோறும் உடற்பயிற்சி செய்த இளம் வீரர்கள் 13 நாட்களிலும், தசை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்கள் 17 நாட்களிலும் தேறினார்கள். 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய வல்லுநர் மாநாடு, அடிபட்ட பின் 24 முதல் 48 மணி நேரம் மட்டுமே ஓய்வு என்றும், அதுவும் படுக்கை ஓய்வு அன்று என்றும் வரையறுத்தது.

ஐந்தாவது வாரத்தில் உங்கள் மகனை இருட்டில் வைப்பது நல்லதன்று. பெரும்பாலான பதின்வயதினர் நான்கு வாரங்களுக்குள் தேறிவிடுகிறார்கள். அதைத் தாண்டினால் நீடித்த அறிகுறிகள் என்று கணக்கில் எடுத்து, ஒவ்வொரு தொல்லைக்கும் காரணம் தேடிச் சிகிச்சை தர வேண்டும். அடிபட்ட பின் அவன் ஆடிய இருபது நிமிடங்களும் இதில் பங்கு வகித்திருக்கலாம். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், அடிபட்டவுடன் வெளியேறிய இளம் வீரர்கள் சராசரியாக 22 நாட்களிலும், தொடர்ந்து ஆடியவர்கள் 44 நாட்களிலும் குணமடைந்தார்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை.

செய்ய வேண்டியது: முதலில் பள்ளி, பிறகுதான் மைதானம். தலைமை ஆசிரியரிடம் மருத்துவச் சான்றோடு பேசி, சில வாரங்களுக்குக் கணக்குத் தாளுக்குக் கூடுதல் நேரம், ஒரு நாளைக்கு ஒரே தேர்வு, பலகைக் குறிப்புகளின் நகல் ஆகியவற்றைக் கேளுங்கள். வீட்டில் இருபது நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் இடைவெளி என்று தொடங்கட்டும். பத்துக்கு இத்தனை என்று தலைவலியை அவனே மதிப்பிடட்டும். படிக்கும்போது ஓரிரு புள்ளி ஏறி ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிட்டால் பாதகமில்லை, அதற்கு மேல் ஏறினால் அன்றைக்கு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நடைப்பயிற்சியும் தொடங்கலாம். ஆனால் "மெதுவான நடை" என்று எழுதிய வல்லுநர்கள் நம் மலையைப் பார்த்ததில்லை. தோட்டத்திலிருந்து சாலைக்கு ஏறினாலே நெஞ்சு படபடக்கும். முதல் கட்டத்தில் இதயத் துடிப்பு உச்ச அளவின் 55 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பதினேழு வயதில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 110. கால் நிமிடம் நாடி பிடித்து எண்ணினால் 28. ஆகவே மேடு வேண்டாம், பள்ளி மைதானத்தைச் சுற்றி நடக்கட்டும். அது ஒத்துக்கொண்டால் 70 சதவீதம் வரை உயர்த்தலாம். பிறகு பந்தோடு தனியாகப் பயிற்சி. ஒவ்வொரு கட்டத்துக்கும் குறைந்தது ஒரு நாள். மற்றவர்களோடு சேர்ந்து பயிற்சி செய்யும் கட்டத்துக்குப் போகும் முன் அறிகுறிகள் முற்றிலும் நீங்கியிருக்க வேண்டும், நினைவும் கவனமும் பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும், மருத்துவர் எழுத்தில் அனுமதி தர வேண்டும். படிப்பு ஏறாத பையன் ஜனவரியில் கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்கக் கூடாது. குணமாகாத மூளையில் மறுபடி அடிபட்டால், அரிதாகத்தான் என்றாலும், இளவயதினருக்கு மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகிவிடுகிறது.

தலைவலி நாளுக்கு நாள் கூடினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, கை கால் பலவீனம், பார்வை இரண்டாகத் தெரிதல் இவற்றில் எது வந்தாலும் என்னைப் போன்றவர்களுக்காகக் காத்திருக்காமல் அந்நேரமே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கடைசியாக, மொழி. வீட்டில் படுகமோ வேறு மொழியோ பேசி, தமிழில் படிக்கும் பையனுக்கு ஆங்கிலத்தில் பத்துச் சொற்களைப் படித்துக் காட்டி, ஐந்து நிமிடம் கழித்து எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்டால், வருவது மூளையின் மதிப்பெண்ணா ஆங்கிலத்தின் மதிப்பெண்ணா என்று சொல்ல முடியாது. அவனுக்குப் பழகிய மொழியில் பரிசோதிக்கும்படி கேளுங்கள். வெளிநாட்டு அணிகளில் பருவம் தொடங்கும் முன்பே ஒவ்வொருவருக்கும் பரிசோதனை செய்து வைத்துக்கொள்வார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அக்டோபரில் அவன் எழுதிய குறிப்பேடுகளும் மதிப்பெண் பட்டியலும் இருக்கின்றன. எனக்கு அவை போதும்.


பதில் 4
பதிவிட்டவர்: கொடைக்கானல் ஹாக்கிக்காரி

கோத்தகிரி அண்ணாவுக்கு வணக்கம். நான் கல்லூரி அணியில் ஹாக்கி கோல்கீப்பராக இருந்தவள்; இப்போது வங்கியில் வேலை செய்கிறேன். மேலே சொல்லப்பட்ட மருத்துவத்தில் எனக்குச் சேர்க்க ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் மகன் "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சொல்வதைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நானும் அதையே சொன்னேன்.

தலைக்கவசத்தின் மேலேயே பந்து பட்டது. கவசம் மண்டை ஓட்டைக் காப்பாற்றியது. உள்ளே மூளை குலுங்குவதை எந்தக் கவசமும் நிறுத்துவதில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது. இரண்டு வாரம் கழித்து வத்தலக்குண்டிலிருந்து ஊருக்கு ஏறும் பேருந்தில், சிறு வயது முதல் நூறு முறை வந்த அதே வளைவுகளில், முன்னிருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி அழுதேன். உலகம் என்னைவிட அரை நொடி தாமதமாகத் திரும்பியது. அதை வீட்டில் சொல்லவில்லை, அணியிலும் சொல்லவில்லை. சொன்னால் இடம் போய்விடும். கால் உடைந்தால் கட்டு தெரியும், எல்லோரும் நலம் விசாரிப்பார்கள். இதில் காட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. ஒரு கட்டத்தில், நாம் நடிக்கிறோமோ என்ற சந்தேகம் நமக்கே வந்துவிடும்.

உங்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். கோல்கீப்பருக்குப் பந்தைப் பிடிப்பது மட்டும் வேலை இல்லை. பிடிக்கும் முன்பே தடுப்பாட்டக்காரர்களைப் பெயர் சொல்லிக் கத்தி நகர்த்த வேண்டும். உங்கள் மகன் சுவரில் மென்பந்து அடித்துப் பிடித்தால் ஒருவேளை நன்றாகவே பிடிப்பான். பிடித்துக்கொண்டே நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லச் சொல்லுங்கள். நான் தனியாக எல்லாவற்றையும் பிடித்தேன். எண்ணத் தொடங்கியதும் பந்து கையில் பட்டு விழுந்தது. என் பயிற்சியாளர் அப்படித்தான் என்னைக் கண்டுபிடித்தார்.

2018 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் லிவர்பூல் கோல்கீப்பர் கேரியஸ் விட்ட இரண்டு கோல்களை உலகமே கேலி செய்தது. அவற்றில் முதல் கோலுக்குச் சற்று முன் அவர் தலையில் மோதப்பட்டிருந்தார். பிறகு பாஸ்டனில் அவரைப் பரிசோதித்த மருத்துவர்கள், அவருக்கு மூளை அதிர்வு ஏற்பட்டிருந்தது என்றும், பார்வையால் இடத்தையும் தொலைவையும் கணிக்கும் திறன் குறைந்து, அது ஆட்டத்தைப் பாதித்திருக்கக்கூடும் என்றும் சொன்னார்கள். இதை உங்கள் மகனிடம் சொல்லிப் பாருங்கள். உடம்புக்கு ஆபத்து என்று நீங்கள் சொன்னால் கேட்க மாட்டான். அணிக்குக் கோல் விழும் என்று சொன்னால் ஒரு கோல்கீப்பர் யோசிப்பான்.


பதில் 5
பதிவிட்டவர்: கோத்தகிரி விவசாயி

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை கொடைக்கானல் தங்கை சொன்னபடி துணிப்பந்தைச் சுவரில் அடிக்க வைத்தேன். பத்துக்குப் பத்தும் பிடித்தான். எண்ணச் சொன்னதும் தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு வரை வந்தான். பிறகு பந்தும் நின்றது, எண்ணும் நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அப்பா, இது ஒரு மாதமாக இப்படித்தான் இருக்கிறது" என்றான். அதன்பின் ஒரு மணி நேரம் பேசினான். பேருந்தில் ஜன்னல் பக்கம் உட்கார முடியவில்லை என்பதும், இரவில் மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறான் என்பதும் நேற்றுத்தான் எனக்குத் தெரியும். பயிற்சியாளரிடம் ஜனவரிக்கு அவன் வர மாட்டான் என்று சொல்லிவிட்டேன். கொஞ்சம் வருத்தப்பட்டார், பிறகு மற்றொரு பையனைத் தயார் செய்வதாகச் சொன்னார்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. வயதான பிறகு நினைவிழப்பு நோய் வரும் என்று இணையத்தில் படித்ததிலிருந்து அவன் தாயாருக்குத் தூக்கமில்லை. அது உண்மையா?


பதில் 6
பதிவிட்டவர்: நரம்பு உளவியலாளர், கோவை

மகன் வாய் திறந்து பேசியது பெரிய செய்தி. மூன்று மணி விழிப்பைப் பற்றி மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். தூக்கம் சீரானால் கவனமும் ஓரளவு தேறும்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அவர் படித்தது பெரும்பாலும் அமெரிக்கக் கால்பந்து வீரர்களைப் பற்றியதாக இருக்கும். 2017இல் வெளியான ஆய்வில், அந்நாட்டுத் தொழில்முறை வீரர்கள் 111 பேரின் மூளைகளில் 110இல் சி.டி.இ. என்னும் சிதைவு காணப்பட்டது. ஆனால் அந்த மூளைகள், ஏற்கெனவே தொல்லை கண்ட குடும்பங்கள் பெரும்பாலும் முன்வந்து தானமளித்தவை; எல்லா வீரர்களுக்கும் அந்த விகிதம் பொருந்தாது. அந்த நோய் ஒரே அடியால் வருவதாகவும் யாரும் கருதவில்லை. ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பத் தலையில் வாங்கும் அடிகளோடுதான் அது தொடர்புபடுத்தப்படுகிறது.

நம் கால்பந்தைப் பொறுத்தவரை, ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்கள் 7,676 பேரின் இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. மற்றவர்களைவிட அவர்களில் நரம்புச் சிதைவு நோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ மூன்றரை மடங்கு. அதே வீரர்களைப் பின்னர் ஆடிய இடம் வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர்களுக்கு அபாயம் சுமார் ஐந்து மடங்காக இருந்தது. கோல்கீப்பர்களிடம் தெளிவான கூடுதல் எதுவும் காணப்படவில்லை. தலையால் பந்தை முட்டுவதே காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் இதனால்தான் வலுக்கிறது. ஒரு முறை மூளை அதிர்ந்து, முழுமையாகத் தேறிய பின் ஆடத் திரும்பும் பதினேழு வயது கோல்கீப்பரின் தாய் இந்த எண்களைக் கண்டு உறக்கம் இழக்க வேண்டியதில்லை. தேறுவதற்கு முன் ஆடுவதைப் பற்றி மட்டும் அவர் கண்டிப்பாக இருக்கட்டும்.

உதகை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டுங்கள். அவர்கள் பரிந்துரைத்தால் கோவைக்கு வரலாம். மலையிறங்கும்போது முன்னிருக்கையில் அமர்ந்து தொலைவில் உள்ள சாலையைப் பார்த்துவரச் சொல்லுங்கள். வழியில் செல்போன் வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் அரை மணி நேரம் இறங்கி இளைப்பாறிவிட்டு வாருங்கள், இல்லையென்றால் பயணக் களைப்பைத்தான் நாங்கள் அளந்துகொண்டிருப்போம். மூக்குக்கண்ணாடி இருந்தால் அது, சி.டி. அறிக்கை, அக்டோபர் மற்றும் டிசம்பர் கணக்குக் குறிப்பேடுகள். தேயிலைச் சீட்டுகளையும் தயவுசெய்து எடுத்து வாருங்கள். பென்சிலில் விடை மட்டும் எழுதிய பழைய மாதத்துச் சீட்டுகள் இரண்டு மூன்று இருந்தால் நல்லது.